உள்பக்கத் தாழ்ப்பாள்

அரசாங்க வீட்டுக்கு என்று கொடுத்த படம் ஒரே ஒரு தாள். முன்னால் ஒரு கூடம், பின்னால் ஒரு அறை, ஓரத்தில் அடுப்படி. கக்கூஸைத் தனியாக, வீட்டுக்கு வெளியே, தோட்டத்துப் பக்கம் ஒரு சின்னக் கட்டமாகப் போட்டிருந்தார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். படம் புரியும். அந்தக் கட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் கொஞ்சம் வெள்ளை இடம் இருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். தாளில் அரை விரல். தரையில் பதினைந்து அடி என்றார்கள்.

அந்தப் பதினைந்து அடியை என்னால் தனியாகக் கடக்க முடியாது.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிறது. பசியாவரத்தைத் தாண்டிப் படகில் போக வேண்டும். நான் ஏரியில் வலை போட்டவன். ஐம்பது வயதில் ஒரு நாள் படகிலேயே வலது பக்கம் செத்துவிட்டது. பக்கவாதம் என்றார்கள். கால் இழுத்துக்கொண்டு வரும். வலது கை தூக்கினால் எழும்பும். பிடித்தால் விடாது, விட்டால் பிடிக்காது. இடது கையில் தடி. பேச்சு இரண்டு மாதம் இல்லாமல் இருந்து திரும்பி வந்தது. நான் முன்பும் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஊரில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை எங்களில் முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பேர். என் பாட்டில் இப்போது என் தம்பி கட்டுகிறான், என் வலையை வைத்து. கிடைப்பதில் எனக்கும் பங்கு வைக்கிறான். நல்லவன். அதனாலேயே அவனை எதிர்த்துப் பேசுவது கஷ்டம்.

என் மனைவி ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவுகிறவள். பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் குனிந்தபடியே போவாள். காலையில் போனால் வர மதியம் தாண்டும். அவள் ஏரியில் இருக்கும் நேரம் நான் தண்ணீர் குடிப்பதில்லை. டாக்டர் நிறையக் குடிக்கச் சொன்னார். குடித்தால் போக வேண்டும். போக ஆள் வேண்டும்.

எங்கள் ஊரில் இரண்டு அடி தோண்டினால் தண்ணீர். குழி எடுத்தால் ஏரி வந்து அதில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் கக்கூஸை மேடை போட்டுக் கட்டுவார்கள். தொட்டி தரைக்கு மேலே. தொட்டிக்கு மேலே கக்கூஸ். ஏற ஐந்து படி. கட்டியவர்களில் பாதிப் பேர் அதில் வலையும் மிதவையும் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். தம்பி வீட்டில் இருப்பது நல்ல கக்கூஸ். எனக்கு அதுதான். தம்பி என்னைத் தூக்கிக்கொண்டு ஏறுவான், உட்கார வைப்பான், கதவைச் சாத்தாமல் வாசலில் முதுகைக் காட்டி நிற்பான். விழுந்துவிடுவேன் என்று பயம். ஒரு முறை விழுந்தும் இருக்கிறேன்.

ஒரு நாள் அப்படி நிற்கும்போது அவனுக்கு செல் அடித்தது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருப்பார்கள்.

"அண்ணன கக்கூஸுக்கு இட்டாந்துகீறேன். முட்ச்சதும் வரேன்" என்று கத்தினான்.

எங்கள் ஊர்க் காற்றில் கத்தித்தான் பேச வேண்டும். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அவன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னான்.

வீட்டுப் படம் வந்தது அந்த வாரம். புது வீட்டில் நான் தனியாகப் போவேன், கதவைச் சாத்துவேன், உள்ளே தாழ்ப்பாள் போடுவேன் என்று முடிவு செய்தேன். மற்றது எப்படி இருந்தாலும் சரி.

மேஸ்திரி திருப்பாலைவனத்துக்காரர். நெல் விளைகிற ஊர். கெட்டித் தரையில் வீடு கட்டிப் பழகியவர். படகில் வரும்போது இரண்டு பக்கமும் பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வருவார். அவரிடம் தாளைக் காட்டினேன்.

"மேஸ்திரி, கக்கூஸ் வீட்டுக்குள்ள வரணும்."

"வரட்டுமே. டவுன்ல எல்லாம் உள்ளதான கட்றான். ஆனா இங்க தொட்டி மேலதான வரும்? ஊட்டுக்குள்ள அஞ்சு படி ஏறுவியாண்ணா நீ?"

"ஏற மாட்டேன். ஊட்ட தூக்கு."

"இன்னாது?"

"தரைய தூக்கு. அந்தத் தரையும் இந்தத் தரையும் ஒண்ணா இருக்கணும். வாசல்ல படி வேணாம். படகு ஏத்தற மாதிரி சரிவு போடு."

மேஸ்திரி சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

"ண்ணா, வெளாட்றியா? மூணு அடிக்கு மேல ரொப்பணும். எத்தினி படகு மண்ணு வேணும் தெரியுமா? கல்லு எவ்ளோ?"

"கூடம் வேணாம். கூடத்துக்கு ஆவற கல்ல அடியில போடு."

கூடம் வேண்டாம் என்றதும் மனைவி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். கூடம்தான் எங்களில் வீட்டுக்கு முகம். பெண் கேட்டு வருகிறவன், பத்திரிகை வைக்க வருகிறவன், எழவுக்கு வருகிறவன் எல்லாரும் அங்கேதான். டி.வி. அங்கே. சாமி படம் அங்கே.

"வர்றவங்க எங்கண்ணா குந்துவாங்க?" என்றான் தம்பி.

"வந்து குந்தின வரைக்கும் போதும்."

நான் விழுந்த முதல் மாதம் நிறையப் பேர் வந்தார்கள். பிறகு வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். பிறகு கரையிலிருந்தே கையைக் காட்டினார்கள். அதற்காக நான் ஒரு கூடம் கட்ட வேண்டியதில்லை.

"அப்ப சாமி படம் ரூம்புலயா? அங்கேந்து நாலு எட்டுல கக்கூஸா? கலீஜா இருக்காது?" என்றாள் மனைவி.

"சாமிக்கு என் நெலம தெரியும்."

"தெரிஞ்சிதான் இப்டி பண்ணிச்சா?" என்று கேட்டுவிட்டு அடுப்புக்குப் போய்விட்டாள். அவள் அதற்கு மேல் சாமி பேச்சை எடுக்கவில்லை.

தம்பியைப் பழைய வீட்டுக்குள் கூட்டிப்போனேன். போன பெரிய புயலில் ஏரி உள்ளே வந்து முழங்காலுக்கு நின்றது. சுவரில் கறை அப்படியே இருந்தது. தடியால் கறையைத் தொட்டுக் காட்டினேன். "புது தரை இதுக்கு மேல வரும்" என்றேன். அந்தப் புயலில் எங்கள் அரிசியைத் தலையில் வைத்துச் சுமந்தவன் அவன். அதற்குப் பிறகு மண் படகைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை.

அடுத்தது எது எங்கே வருவது என்பது. வீடு கட்டின பிறகு சுவரைக் கொத்துவது எனக்குப் பிடிக்காது. ஒயர்மேனும் மேஸ்திரியும் ஒன்றாக இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாக மனதில் போட்டு வைத்திருந்தேன்.

சுவிட்சு எல்லா வீட்டிலும் நுழைகிறவனுக்கு வலது பக்கம் வைக்கிறார்கள். எனக்கு இடது பக்கம் வேண்டும். கையால் தட்டப் போனால் தடியை விட வேண்டும். தடியை விட்டால் நான் விழுவேன். அதனால் கதவு நிலையை ஒட்டி, என் இடது தோள் உரசுகிற உயரத்தில், பெரிய பட்டன் வைத்த சுவிட்சு. தோளாலேயே அமுக்குவேன். ஒயர்மேன், "நான் இப்டி ஒரு எடத்துலயும் போட்டது இல்ல" என்றார். "இப்ப போடு" என்றேன்.

தண்ணீர் இன்னொரு சிக்கல். இரண்டு கை உள்ளவனுக்கு அது தெரியாது. ஒரு கை ஊற்றும், ஒரு கை கழுவும். எனக்கு இருப்பது ஒன்று. அதுவே சாப்பிடுகிறது, அதுவே கழுவுகிறது. இதைச் சொன்னால் சாப்பிட உட்கார்ந்திருப்பவர்கள் முகம் மாறும். மாறட்டும். உட்காரும் கோப்பைதான் வேண்டும், அதன் பின்பக்கத்திலிருந்து தானாகத் தண்ணீர் வருகிற சின்னப் பைப்பு வேண்டும், அதைத் திறக்கிற திருகு இடது முழங்காலுக்குப் பக்கத்தில் வேண்டும் என்றேன். கை கழுவும் குழாய் வெளியே இல்லை, உள்ளேயே, கதவுக்குப் போகிற வழியில். குழாய் எல்லாம் பிளாஸ்டிக். கூரைத் தொட்டிக்கு மோட்டாரில் ஏற்றுகிற எங்கள் ஊர்த் தண்ணீரில் உப்பு. இரும்பை ஒரு வருடத்தில் தின்றுவிடும். பிடித்து எழும்ப மேஸ்திரி இரும்புக் குழாய் போடுகிறேன் என்றார். வேண்டாம், சவுக்குக் கழி போதும், நான் இழைத்துத் தருகிறேன் என்றேன். உட்கார்ந்தபடி ஒரு கையால் கத்தியை வைத்து நான்கு நாள் இழைத்தேன்.

மனைவிக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"எனுக்கு வாசல் சரிவாண்ட ஒரு கொழா வோணும். இடுப்பு ஒசரத்துக்கு. சேத்தோட உள்ள வந்தா நான்தான தொடைக்கணும்."

"போட்டுக்கோ" என்றேன். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கடைக்கால் எடுக்கும் முன் மணலில் வீட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். கயிறு கட்டி, முளை அடித்து, சுவர் வருகிற இடம் எல்லாம் காட்டி. மேஸ்திரி டேப்பை எடுத்தார். நான் வேண்டாம் என்றேன். எங்கள் வலையும் கயிறும் பாகத்தில்தான் அளப்பது. இரண்டு கையையும் விரித்து நீட்டினால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம். வலைக்காரன் அவனவன் கையால் அளப்பான். அடுத்தவன் கையால் அளந்த வலை அவனுக்குச் சரிப்படாது. என் வீடு. என் கையால் அளப்பேன்.

தடியை வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தபடியே நகர்ந்து அளந்ததில் ஒரு பகல் பூராவும் ஆயிற்று. கயிற்றின் முனையை வலது கைக்குள் திணித்து அமுக்கினேன். தோளைத் தூக்கினேன். கை எழுந்தது. இடது கையை நீட்டி இழுத்தேன். ஒரு பாகம். மனைவி முளை அடித்தாள். வீட்டுக்கு நீளம் நாலு, அகலம் இரண்டரை. கக்கூஸுக்கு ஒரு பாகத்துக்கு ஒரு பாகம். யாரையும் கயிற்றைத் தொட விடவில்லை. தம்பி இரண்டு தடவை கிட்டே வந்தான். இரண்டு தடவையும் பார்த்தேன். போய்விட்டான்.

மறுநாள் காலை கக்கூஸ் வருகிற இடத்தில் மனைவி ஒரு நாற்காலி போட்டாள். கயிறு மேல் தம்பியும் மேஸ்திரியும் இரண்டு பழைய ஓலைத் தட்டிகளைச் சுவராகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேடிக்கை பார்க்க ஊர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி இடுப்பில் கூடையோடு நின்று சத்தமாகச் சொன்னாள்.

"ஊட்டுக்கு கக்கூஸ் கட்டுவாங்க. இங்க கக்கூஸுக்கு ஊடு கட்றாங்கடி."

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி திரும்பினாள்.

"ஆமாக்கா. உங்கூட்டு கக்கூஸ்ல வல குந்திக்கினு கீது. எங்கூட்டுல மனுசன் குந்துவான்."

அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

நான் உள்ளே போனேன். தடி, இடது கால், பிறகு வலது காலை இழுத்து. நாற்காலி வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். திரும்பினேன். வலது தோள் தட்டியில் இடித்தது. தட்டி தம்பி மேல் சாய்ந்தது. அவன் நகர்ந்து நின்றான்.

"நவுராத. சொவுரு நவுருமா?" என்றேன்.

மறுபடி திரும்பினேன். மறுபடி இடித்தேன். மூன்றாம் தடவை தடி தட்டிக்கும் நாற்காலிக்கும் நடுவில் சிக்கி, நான் நாற்காலி மேல் பக்கவாட்டில் விழுந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

மேஸ்திரி தட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு டேப்பை இழுத்தார்.

"ஒரு பாகம்னா ஒனக்கு ஆறடி இருக்காதாண்ணா? நீ நல்ல ஒசரமாச்சே. இது அஞ்சே கால் அடிதான் கீது."

நீளத்தை அளந்தார். அதிலும் பாகத்துக்கு ஒரு சாண் குறைந்திருந்தது. ஒவ்வொரு பாகத்திலும் அதே ஒரு சாண். அவர் குனிந்தபடியே நிமிராமல் நின்றார். மற்றவர்கள் என் வலது கையைப் பார்த்தார்கள்.

நானும் பார்த்தேன். தூக்கிப் பார்த்தேன். நீட்டினேன். நீட்டிவிட்டேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. கண்ணால் பார்த்தால் முழங்கை மடங்கி இருந்தது. நேற்று முழுவதும் அப்படித்தான் மடங்கி இருந்திருக்கிறது. நான் கயிற்றைப் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை. முப்பது வருடம் பாகம் போட்டவன் கையைப் பார்ப்பானா?

தம்பி மெதுவாகச் சொன்னான். "ண்ணா, நான் போட்றேன். உன் ஒசரம்தான நானு."

"உன் ஊட்டுக்கு போட்டுக்கோ."

"பின்ன டேப்பால போடச் சொல்லு. இன்னா பேஜாரா கீது ஒன்னோட!"

"என் கை கொறஞ்சுதுன்னா ஊடு ஏன்டா கொறையணும்? வலய எடுத்தா."

"எந்த வல?"

"என் வல. என் பாட்டுல நீ கட்டிக்கினு கீறியே, அது."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ஓடினான். அந்த வலையின் மிதவைக் கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சு இருக்கிறது. இரண்டு கையும் இருந்தபோது நான் போட்ட முடிச்சு. தம்பி அதைத் தோளில் போட்டுச் சொட்டச் சொட்டக் கொண்டு வந்தான். ஈரத்தில் கயிறு நீளும். காய விடு என்றேன். மதியம் வரைக்கும் அது மணலில் கிடந்தது. நானும் பக்கத்தில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். வேடிக்கை பார்த்தவர்கள் போய்விட்டார்கள்.

காய்ந்த பிறகு முளைகளைப் பிடுங்கி, அந்த முடிச்சுகளை வைத்து வீட்டைப் புதிதாகப் போட்டோம். கயிற்றை ஒரு பக்கம் தம்பி பிடித்தான், ஒரு பக்கம் மனைவி. மேஸ்திரி டேப்பை வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். கக்கூஸுக்குள் போனேன். திரும்பினேன். தோளுக்கும் தட்டிக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருந்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், வெளியே வந்தேன். பத்து தடவை செய்தேன். பத்து தடவையும் இடிக்கவில்லை.

சுவர் எழும்பிக் கதவு வைக்கிற நாள் வரைக்கும் மனைவி சும்மா இருந்தாள். தாழ்ப்பாள் என்றதும் அவள் முகம் இறுகியது.

"தாப்பா வோணாம்."

"வேணும்."

"கதவ சாத்திக்கோ. நான் யாரையும் உடமாட்டேன். தாப்பா எதுக்கு?"

"தாப்பா இல்லாத கதவு கதவா?"

"உள்ள உழுந்தா?"

"கத்துவேன்."

"கத்த வாய் வரலன்னா?"

காலையில் படகில் விழுந்த அன்று எனக்கு வாய் வரவில்லை. நான் கிடந்ததைத் தம்பி பார்த்தது பொழுது சாய்கிற நேரம். அதைச் சொல்லாமல் சொல்கிறாள். அவள் பயம் நியாயம். ஆனால் நான் விடவில்லை. இரண்டு நாள் யோசித்தேன்.

மூன்றாம் நாள் மேஸ்திரியிடம் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டச் சொன்னேன். நான் உள்ளே விழுந்து கிடந்தாலும் கதவை அடைக்க மாட்டேன். வெளியே நல்ல பெரிய கைப்பிடி. உள்ளே இருப்பதிலேயே சின்ன அலுமினியத் தாழ்ப்பாள், சின்னத் திருகாணி இரண்டு போதும் என்றேன்.

"அது நிக்காதேண்ணா. இழுத்தா வந்துடும்" என்றார்.

"வரணும்."

மாட்டியதும் மனைவியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "இழு" என்று கத்தினேன். கதவு அசையவில்லை. அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

"இழு. நான் உழுந்து கெடக்கேன்."

ஒரே இழுப்பு. தாழ்ப்பாளும் திருகாணியும் பறந்து என் காலடியில் விழுந்தன. அவள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். நான் கோப்பை மேல் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், தரையில் கிடந்த தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள்.

"இவ்ளோதான்."

"சரி, மாட்டச் சொல்லு."

மேஸ்திரி வேறு இடத்தில் துளை போட்டு இன்னொன்றை மாட்டினார். பழைய துளை இரண்டும் கதவில் அப்படியே இருக்கின்றன.

பால் காய்ச்சிய பிறகு ஒரு காலையில் ஓவர்சியர் வந்தார். முடிந்த வீட்டை, வீட்டுக்காரனை வாசலில் நிறுத்தி, போட்டோ எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். வருவதாகச் சொன்னது பதினோரு மணி. வந்தது ஒன்பதுக்கு. மனைவி அன்றைக்கு அவருக்காக ஏரிக்குப் போகாமல் இருந்தாள். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து விடிந்ததும் இரண்டு சொம்பு தண்ணீர் குடிக்கிறேன். அவர் படகு வந்து நின்றபோது கக்கூஸுக்குள் இருந்தேன்.

கதவைத் தம்பி தட்டினான். "ண்ணா, சார் வந்துகீறாரு. ஜல்தியா வா."

நான் சவுக்குக் கழியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"கூப்டுங்கப்பா. படகு நிக்குது. எனக்கு இன்னும் ரெண்டு ஊரு இருக்கு" என்று ஓவர்சியர் சொல்வது கேட்டது.

தம்பி மறுபடி தட்டினான். கைப்பிடியில் கை வைத்தான் போலிருக்கிறது. கதவு லேசாக அசைந்தது. அப்போது மனைவியின் குரல் கேட்டது. தம்பியிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"கைய எடு. தாப்பா போட்டுகீது, தெரியல? அவரு வரச்சொல்லோ வருவாரு."

"இல்ல அண்ணி, சாரு..."

"சாருக்கு நான் டீ போட்றேன். நீ அங்க போய் நில்லு."

கதவு அசைவது நின்றது. காலடிச் சத்தம் சரிவில் இறங்கிப் போனது. நான் எனக்கு ஆகிற நேரத்தை எடுத்துக்கொண்டேன்.